பொன்னிப் பெரியம்மாவின் பேர்

அன்புள்ள பிள்ளைக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அப்பவே சொன்னேன். மத்தொண்டோவின் பெரியம்மா, எங்கட சோஃபி அம்மா, மரவள்ளி இலை கேட்டு எங்கட கடைக்குள் முதல்நாள் கால் வைத்தபோதே, இந்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரு தொடுசல் இருக்கு என்று சொன்னேன். நீ அந்தக் கொங்கோக்காரப் பெடியனைத்தான் கட்டுவாய் என்றும், முதற்பிள்ளை பெட்டைதான் என்றும், அதற்குப் பேர் வைக்கிற நேரம் ஒரு இழுபறி வரும் என்றும் வரிசையாகச் சொன்னேன். ஆரிட்டச் சொன்னீங்கள் மாமா என்று கேளாதே. டூட்டிங்கில் பாதிச் சனத்துக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நீ போன் எடுத்து அழுதாய். "மாமா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள். பொன்னி எண்டு பேர் வைக்கப்போறம் எண்டா சோஃபி அம்மா விடுறா இல்லை. அந்தப் பேரில ஆள் இல்லையாம். நீங்கள் பொன்னிப் பெரியம்மாவைப் பற்றி எல்லாத்தையும் எழுதித் தாங்கோ. எழுத்தில இருந்தா மத்தொண்டோ அவவுக்கு வாசிச்சுக் காட்டுவார்" என்றாய். எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதாமல் எங்கட கோயில் மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். பொன்னியின் பேரை நான் சொன்னது ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். அவளைப் பற்றி எழுதுவதும் சனத்துக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று. எனக்குக் கிகொங்கோ தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. லண்டன் அப்பர் டூட்டிங் ரோட்டில் கடை வைத்திருக்கிற தமிழன் ஒருத்தனுக்கும் தெரியாத பாஷையை நான் மூன்றே மாதத்தில் பிடித்தேன். ஆழமாகப் பார்த்தால் அதுவும் தமிழில் இருந்து போனதுதான். தாத்தா என்றால் அவர்களுக்கு அப்பா. வழியில் ஒரு தலைமுறை தவறிவிட்டது, அவ்வளவுதான். ஒரேயொரு கஷ்டம், அவர்களின் சொற்கள் மூக்கில் தொடங்கும். வாய் திறக்க முதலே சொல் பாதி வந்துவிடும். நான் முன்னால் ஒரு 'இ' போட்டுக்கொள்வேன், ஏறுகிறதுக்கு ஒரு படி மாதிரி. சோஃபி அம்மா அதைக் கேட்டு வாழைக்காய்ப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு அப்படிச் சிரித்தா. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் வால்தம்ஸ்டோவில் இருந்து ரெயில் ஏறி வந்தா. இலை வாங்க என்று சொல்லிக்கொள்வா. அங்கேயும் அதே இலை விற்கிறார்கள். அவ வந்தது கிகொங்கோ கதைக்க.

ஒருநாள் கேட்டேன், "ஏன் அம்மா, வீட்டில ஆரோடையும் கதைக்கிறேல்லையோ?" என்று. அவ விரலை மடித்தா. பிள்ளைகளோடு லிங்காலா, சேர்ச்சில் பிரெஞ்சு, கவுன்சிலில் இங்கிலிஷ். "அப்ப கிகொங்கோ?" என்றேன். "செத்தவையோட" என்றா. "அவைக்கு வேற பாஷை விளங்காது." நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. இலைப் பொட்டலத்தைக் கூடையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால், அரிசிச் சாக்கு அடுக்கின மூலையை ஒருக்கால் பார்த்தா. அந்த மூலையில் நான் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மத்தொண்டோவை வளர்த்தவ அவதான், உன்னை வளர்த்தவன் நான்தான். அவன் 'மாமா' என்று அவவைக் கூப்பிடுவான், அவர்களின் பாஷையில் அது அம்மா. நீ 'மாமா' என்று என்னைக் கூப்பிடுவாய். ஒரு மேசையில் இருந்தால் ஆர் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் திரும்புவோம். அவதான் எனக்குச் சொன்னா, அவர்களின் ஆட்களில் குடும்பம் தாய்வழியாலே போகும், பெட்டைக்குப் பொறுப்பு தகப்பன் இல்லை, தாயோடு கூடப்பிறந்தவன். அவனுக்குப் பேர் 'ங்குவா ன்காசி'. ங்குவா என்றால் தாய். ஆம்பிளையாக இருக்கிற அம்மா. எனக்கு அன்றைக்கு நெஞ்சு இரண்டு இஞ்சி உயர்ந்தது. கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னேன், ஆபிரிக்காவில் என்னை அம்மா என்று வைத்திருக்கிறார்கள் என்று. பதவி கிடைத்தவுடன் சந்தோஷப்படாதே பிள்ளை. அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று முதலில் கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

சம்பந்தம் கதைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். வால்தம்ஸ்டோவில் சேர்ச் மண்டபம், சனிக்கிழமை மத்தியானம். முந்நூறு பேர். நீ எண்பது என்பாய். மாப்பிள்ளை வீட்டுக்காக ஒரு கிழவர், மண்ணிறக் கோட், கையில் ஊன்றுகிற பொல்லு. அவர்தான் அவர்களின் ன்ஸோன்ஸி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று கதைக்கவென்றே பழகின ஆள். மூன்று தரம் கையைத் தட்டுவார், ஒரு வசனம் சொல்லுவார், முழு மண்டபமும் 'இங்கேட்டா' என்று சொல்லும். எங்கட 'ஓம்' மாதிரி, ஆனால் அடிவயிற்றில் இருந்து. "பொம்பிளை வீட்டுக்கு ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். நான் எழும்பினேன். நீ என்ர கோட்டைப் பிடித்து இழுத்து, "மாமா, கனக்கக் கதைக்காதேங்கோ, ப்ளீஸ்" என்றாய். நான் மூன்று தரம் தட்டினேன். 'இங்கேட்டா' என்று மண்டபம் எனக்கும் சொன்னது. அப்பாடா, மந்திரியாக இருந்திருக்க வேண்டியவன் என்று என்னை நானே நினைத்தேன்.

நடுவில் சீர் குவிந்து கிடந்தது. கம்பளி, அரிக்கன் விளக்கு, உப்புக் கட்டி, பிளாஸ்டிக் கானில் கள்ளு, பத்துக் கிலோ அரிசிச் சாக்கு ஒன்று. அந்தச் சாக்கு எங்கட கடையில் வாங்கினது, லாபம் வைக்காமல் கொடுத்தேன். கிழவர் என்ர கையில் ஒரு கோப்பைக் கள்ளைத் தந்தார். தாய்வழியில் போனவர்களை நீதான் கூப்பிட வேண்டும், அவர்களுக்குத் தெரியாமல் பெட்டை வீடு மாறக் கூடாது என்றார். கீழே ஊற்றப் பார்த்தால் மண்டபத்துக் காவலாளி ஓடி வந்தான், காப்பெட்டில் ஒரு சொட்டும் விழக்கூடாதாம். சோஃபி அம்மா ஜன்னலடிப் பூச்சாடியை எடுத்து, மண்ணை ஒரு பேசினில் கொட்டி, என்ர காலடியில் வைத்தா. "மண் இல்லாட்டி அவைக்கு எப்பிடிப் போய்ச் சேரும்?" என்றா. கிழவர் சொன்னார்: "கிட்டடியில் போனவரில் தொடங்கு. ஒருத்தரையும் தாண்டாதே."

நான் ஒரு செக்கன் நின்றேன். சத்தியமாக ஒரு செக்கன்தான். பிறகு "பொன்னி" என்றேன், ஊற்றினேன். என்ர அம்மா, அம்மம்மா, அவவின் தாய் என்று பன்னிரண்டு தலைமுறை மளமளவென்று வந்தது. மண்டபம் ஒவ்வொரு பேருக்கும் 'இங்கேட்டா' சொன்னது. முதல் பேருக்கு மட்டும் சோஃபி அம்மாவின் வாய் அசையவில்லை.

சாப்பாட்டு நேரம் அவ தட்டோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. மொழிபெயர்க்க மத்தொண்டோ இல்லாமலே, தெரிந்த இங்கிலிஷையும் கிகொங்கோவையும் கலந்து மெதுவாகச் சொன்னா. "நீ கூப்பிட்ட ஆள் வரேல்லை. வேற ஒருத்தி வந்து கதவுக்கு வெளியில நிக்கிறா. பேர் சொல்லாததால உள்ளுக்கு வரேலாமல் நிக்கிறா." நான் பகிடியாகத்தான் கேட்டேன், "ஆள் எப்பிடி அம்மா? வடிவோ?" என்று. "இடுப்புக்குக் கீழ நனைஞ்சிருக்கு. ஒரு காலில செருப்பு இருக்கு, மற்றதில இல்லை" என்றா. அன்றைக்கு ஆட்டிறைச்சியைத் தொடாமல் வைத்தேனே, வயிற்றில் காஸ் என்று உனக்குச் சொன்னேன். காஸ் இல்லை.

திரும்பி வருகிறபோது காரில் கேட்டாய், "ஆர் மாமா பொன்னி?" என்று. சொன்னேன். எனக்கும் உன்ர அம்மாவுக்கும் மூத்தவ, பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனவ. சீப்பால் தலை இழுக்கிறபோது வாய்க்குள்ளே ஒரு பாட்டு முனகுவா, பாட்டுக்குச் சொல் இராது. இடது மணிக்கட்டில் விளக்கெண்ணெய் சுட்ட தழும்பு, வெற்றிலை அளவு. "எனக்கொரு பெரியம்மா இருந்தவவோ? ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று காருக்குள்ளேயே அழுதாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்டாய், ஒவ்வொரு கிழமையும் நான் கொடுத்தேன். உனக்குத் தாய்வீடு என்று ஒன்றும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை நீ. பசித்த பிள்ளைக்கு ஆர் இல்லை என்று சொல்லுவான்?

கல்யாணம் முடிந்து, நீ பிள்ளைத்தாச்சியாக இருந்த மார்ச் மாதம். பகல் இரண்டு மணி. கிழங்குப் பையோடு உன்ர வீட்டுப் படியில் ஏறினேன். நாற்பது நாளாக மழை இல்லை. சரி, நாலு நாள். முதல் வளைவில் படியில் ஈரம். குனிந்து பார்த்தேன். ஒரு செருப்புத் தடம். அடுத்த படியில் வெறுங்கால், ஐந்து விரலும் தெரிந்தது. பிறகு செருப்பு, பிறகு வெறுங்கால். உன்ர கதவு வரைக்கும் போய் நின்றது. ஏறின தடம் இருந்தது பிள்ளை, இறங்கின தடம் இல்லை. விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. என்ர ஸ்காஃபைக் கழற்றி எல்லாப் படியையும் துடைத்தேன். நீ கதவைத் திறந்து "ஏன் மாமா இப்பிடி மூச்சு வாங்குது?" என்றாய். "லிஃப்ட் வேலை செய்யேல்லை" என்றேன். "இந்தக் கட்டடத்தில லிஃப்டே இல்லை மாமா" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். உனக்குப் பின்னால் சோஃபி அம்மா நின்றா. என்ர கையில் இருந்த ஈரத் துணியைப் பார்த்தா.

நீ தேத்தண்ணி போடப் போன நேரம் அவ என்னைப் பிடித்துக்கொண்டா. "மூண்டு நாள் பொன்னியைக் கூப்பிட்டுப் பாத்தன். எனக்குக் கூப்பிடத் தெரியும். அந்தப் பேரில ஒருத்தரும் இல்லை."

"உங்கட கிகொங்கோ என்ர அக்காவுக்கு எப்பிடி அம்மா விளங்கும்? அவ எட்டாம் வகுப்பு."

"பேர் எந்தப் பாஷையிலையும் பேர்தானே. நாயும் திரும்பிப் பாக்கும்."

செத்தவர்கள் தண்ணிக்கு அங்கால் கரையில் இருக்கிறார்கள் என்று அவர்களின் ஆட்கள் சொல்லுவார்கள். வெள்ளை வெளேரென்ற கரை. சொந்தத்தில் ஒருத்தர் பேர் சொல்லி விட்டால்தான் அந்தக் கரையில் ஏறலாமாம். "இவ நடுத்தண்ணியில நிக்கிறா. அங்காலையும் போகேலாது, இஞ்சாலையும் வரேலாது. அதுதான் கதவு கதவா வாறா" என்றா. "பாஸ்டருக்கு நான் இதைச் சொன்னதெண்டு சொல்லிப்போடாதே" என்றும் சொன்னா.

ஏழாம் மாதம் நீ போனில் சொன்ன கனவை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. உன்ர கட்டில் விளிம்பில் ஒரு மனிசி முதுகு காட்டிக்கொண்டு இருந்து தலை இழுக்கிறா, வாய்க்குள்ளே முனகுகிறா. "பொன்னிப் பெரியம்மா எண்டு கூப்பிட்டன் மாமா. ஒருக்காத் திரும்பிப் பாத்தா. பாத்திட்டு எழும்பிப் போட்டா." முகம் எப்படி என்று கேட்டேன். "என்ர முகம் மாதிரித்தான். பெரியம்மாதானே" என்றாய். நான் கடையில், வெங்காயப் பைகளுக்கு நடுவில் நிலத்தில் குந்திவிட்டேன். ஒரு வாடிக்கையாளர், "என்ன அண்ணை, தண்ணி வேணுமோ?" என்றார். தண்ணி என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது பிள்ளையும் பிறந்துவிட்டாள். அவளின் காதில் பொன்னி என்று சொன்னால் கதவைப் பார்க்கிறாள் என்றாய், பேர் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாய். சோஃபி அம்மா நேற்று எனக்குத் தானே போன் எடுத்தா. "ஆளில்லாத பேரைப் பிள்ளைக்கு வைச்சா, வெளியில நிக்கிறவ எங்க போவா? எத்தினை நாளைக்கு நிப்பா?" என்று கேட்டா. பிறகு அந்தப் பதவியின் பேரைச் சொன்னா. "நீ ங்குவா ன்காசி. உன்னைத் தவிர வேற ஒருத்தரும் அவவைக் கூப்பிடேலாது."

இனி அந்த பிஸ்கட் டின். உனக்கு அப்போது நாலு வயது. உன்ர அப்பா நோயில் போய் ஒரு வருஷம். நான் இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டு, உங்கள் இரண்டு பேரையும் எடுக்க வழி பார்த்தேன். சண்டை நடந்த அந்தக் காலம் ஊரை விட்டு வெளிக்கிடுகிற சனம் கடல்நீரேரியைத் தோணியில் கடந்தது. உன்ர அம்மா பயந்தா. இரண்டு கிழமை பொறுத்துப் போகிறேன் என்று அறிவித்தா. நான் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினேன்: "வெள்ளிக்கிழமை வெளிக்கிடு. ஒண்டும் நடவாது. நான் சொன்னா நடக்கும்." எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் அல்லவா. தோணி பாதி வழியில் சரிந்தது. உன்னை ஆரோ ஒரு மனிசி மடியில் வைத்துக்கொண்டு கரை சேர்ந்தா. உன்ர கையில் உன்ர அம்மாவின் ஒற்றைச் செருப்பு இருந்தது. விரலைப் பிரித்து எடுக்க ஏலாமல் போய்விட்டதாம், அதோடுதான் நித்திரை கொண்டாயாம். அந்தச் செருப்பு உன்னோடு லண்டன் வந்தது. நீ உறங்கின பிறகு எடுத்து டின்னில் வைத்தேன். வார் அறுந்து, கம்பியால் கட்டினது. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சோஃபி அம்மாவுக்கும் சொன்னதில்லை.

அம்மா காணாமல் போனவ என்றுதான் உன்னை வளர்த்தேன். அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை, திவசம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவவின் நட்சத்திரத்தில் ஆர்ச்வே கோயிலுக்குப் போய், உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செய்கிற அர்ச்சனைதான் செய்தேன். ஒருமுறை ஐயர் "தங்கச்சி இப்ப எங்க?" என்று கேட்டார். "ஊரில, சுகமா இருக்கிறா" என்றேன். அவவுக்கு மூன்று பிள்ளை என்று வரைக்கும் சொன்னேன்.

கிழவர் "கிட்டடியில் போனவரில் தொடங்கு" என்றபோது அந்த ஒரு செக்கனில் என்ர வாயில் வந்து நின்றது உன்ர அம்மாவின் பேர். அதைச் சொல்லி மண்ணில் ஊற்றினால், அவ செத்தது என்ர வாயால் ஆகிவிடும். வெளிக்கிடு என்று சொன்னதும் இதே வாய்தான். நான் தாண்டிவிட்டேன். தாண்டாதே என்று சொன்ன ஒரேயொரு ஆளைத் தாண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டின்னோடு வருவேன். ஒரு பேசினில் மண் எடுத்து வை. சோஃபி அம்மாவிடம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லு. நான் அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், நீ பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நில். எனக்குக் குரல் வராவிட்டால் முதுகில் ஒரு தட்டுத் தட்டு. செருப்பைக் கதவடியில் வைப்போம். பிறகு பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று நீயும் மத்தொண்டோவும் முடிவு எடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். இதை மட்டும் நம்பு என்று கேட்கவில்லை, நேரில் பார்.

நீ கேட்டது பொன்னியைப் பற்றி. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னாய், ஒன்று மிச்சம் இருக்கிறது. தலை இழுக்கிறபோது முனகினது உன்ர அம்மா. மணிக்கட்டில் தழும்பும் அவவுக்குத்தான். எட்டாம் வகுப்போடு நின்றது நான். எனக்கு மூத்த சகோதரம் ஒருத்தரும் இல்லை, நான்தான் எங்கட வீட்டில் தலைப்பிள்ளை. கையில் கோப்பையோடு வாய் அடைத்து நின்ற அந்த ஒரு செக்கனில் என்ர கண்ணுக்கு முன்னால் இருந்தது சீர்க் குவியலில் கிடந்த எங்கட கடைச் சாக்கு. அதில் கொட்டை எழுத்தில் 'பொன்னி' என்று அடித்திருந்தது. அது அரிசியின் பேர், பிள்ளை.

உன்ர மாமா